வெஸ்ட்வில் பாறையில் பனி இழுத்த கோடுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் படித்தவர்களுக்கு அந்தப் பாறைத்தளம் நினைவிருக்கும். சிவந்த மணற்கல்லின் மேல் ஒரே போக்கில் ஓடும் கீறல்கள். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், தென்கண்டங்களும் இந்தியாவும் ஒன்றாயிருந்த கோண்டுவானா நிலத்தை மூடிக் கிடந்த பனி இழுத்த கோடுகள் அவை. பனிக்கட்டி கல்லைவிட மிக மென்மையானது. அதன் அடியில் உறைந்து ஒட்டிய கற்களே கீறின. அந்தக் கற்களைப் பெயர்த்ததிலும் நகர்த்தியதிலும் நீரின் பங்கு பெரிது. பாடத்தில் இதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

1000 மீட்டர் கனமுள்ள பனிக்கு அடியில், அழுத்தத்தால் உருகுநிலை பூச்சியத்துக்குக் கீழே சுமார் 0.7 பாகை செல்சியஸ் இறங்கிவிடும். பூமியின் சூடும் உராய்வுச் சூடும் சேர, மெல்லிய நீர்ப்படலம் உண்டாகிறது. பாறை மேட்டில் பனி வந்து மோதும் முன்பக்கம் அழுத்தம் மிகுந்து பனி உருகும். அந்த நீர் மேட்டைச் சுற்றி, அழுத்தம் குறைந்த பின்பக்கம் போய் மீண்டும் உறையும். உறையும்போது விடும் வெப்பம் பாறைக்குள் ஊடுருவி முன்பக்கப் பனியை உருக்கும். மேடு சிறியதாக இருந்தால்தான் இது நடக்கும். பெரிய மேட்டில் வெப்பம் கடந்து வராது, பனி தானே நெளிந்து தாண்ட வேண்டும்.

பின்பக்கத்தில் பனிக்கும் பாறைக்கும் இடையே பொந்து திறக்கும். அங்கே நீரழுத்தம் ஏறி இறங்க, விரிசல்கள் நீண்டு கல் பெயரும். முன்பக்கம் வழுவழுப்பு, பின்பக்கம் உடைசல்: பனி எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதை இதை வைத்தே சொல்ல வேண்டும். கீறல் மட்டும் இரு திசைக்கும் பொருந்தும்.

அம்மியில் அரைத்ததை வழித்தெடுக்காவிட்டால் குழவி வழுக்கும். இங்கும் அப்படித்தான். உருகுநீர் கல்மாவைக் கழுவிக்கொண்டு போக வேண்டும், கூர்மழுங்கிய கற்களுக்குப் பதில் புதியவை வர வேண்டும். அடித்தளம் முழுதும் உறைந்து பாறையோடு ஒட்டிப்போனால் தேய்மானம் அநேகமாக நின்றுவிடும்.

உராய்வு மிஞ்சினாலோ, கல்லைப் பற்றியிருந்த பனி உருகினாலோ, களிமண்ணும் பாறாங்கல்லும் தரம் பிரியாமல் அப்படியே படியும். டர்பனைச் சுற்றி உடைக்கும் நீலச்சாம்பல் டுவைக்கா டில்லைட் என்னும் பாறை அவ்வகைப் படிவு இறுகியதே. சுரங்கம்போல் பனிக்கடியில் ஓடும் நீரோ சரளை, மணல் என்று பிரித்துப் போடும்.

மறுபடி அந்தப் பாறைக்குப் போகிறவர்கள் மாலை வெயில் சாயும் நேரத்தில், கொஞ்சம் நீர் தெளித்துப் பாருங்கள். கோடுகள் எழுந்து நிற்கும். பனியின் கீறலென்றால் மேலே கிடக்கும் டில்லைட்டுக்கு அடியிலும் தொடரும். இயந்திரம் கீறியது என்றால் டில்லைட்டின் விளிம்போடு நின்றுவிடும்.