இரண்டடிச் சந்து

மார்ச் 5, 2025, புதன்

சாம்பல் புதன். ஈஸ்டர் வரைக்குமான நோன்புக்காலம், லெந்து, இன்று தொடக்கம். இந்த லெந்துக்கு டீயை விடுவதாகத் தீர்மானம். கட்டட வேலைக்காரனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. பதினொரு மணிக்குத் தூக்குவாளி வந்து இறங்கினால் கொத்தனார், சித்தாள், காண்ட்ராக்டர் எல்லாரும் ஒரே வரிசைதான்.

சாயங்காலம் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் சர்ச்சில் ஆராதனை. போதகர் ஐயர் லூக்கா 9:23 எடுத்தார். 'தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு' என்று வரும். அந்த 'அனுதினமும்' மத்தேயுவிலும் மாற்கிலும் கிடையாதாம், லூக்காவில் மட்டும்தான் உண்டாம். ஞாயிற்றுப் பள்ளியில் மனப்பாடமாய்ச் சொல்லிப் பரிசு வாங்கிய வசனம், இத்தனை வருஷமாய்க் கவனித்ததே இல்லை.

மார்ச் 8, சனி

தலைவலி. கலவையில் தண்ணீர் கூடிவிட்டது என்று ஒரு பையனைத் திட்டித் தீர்த்துவிட்டேன். ராத்திரி வீட்டில் சொன்னாள்: "டீயை விட்டீங்க சரி, கோவம் ரெண்டு தம்ளர் கூடியிருக்கே."

மார்ச் 16, ஞாயிறு

பிரசங்கத்துக்கு நடுவே பைபிளைத் தள்ளிக்கொண்டே போய் லூக்கா 14-இல் நின்றுவிட்டேன். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கும் இடம். எங்கள் தொழில் ஆட்களுக்கு அதைவிடப் பிடித்த பகுதி கிடையாது. எஸ்டிமேட் போடாமல் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி, அஸ்திவாரத்தோடு நின்றுபோன வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஐந்து வசனம் தள்ளிப் பார்த்தால், தனக்கு உண்டானவை எல்லாவற்றையும் வெறுத்துவிடாதவன் சீஷனாக முடியாது என்று வருகிறது. நான் ஐட்டம் ரேட்டில், ஒவ்வொன்றாய் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்: டீ ஒன்று, புதன்கிழமை மீன் ஒன்று. இயேசு கேட்பது லம்ப்சம், மொத்தமும்.

மார்ச் 19, புதன்

தம்பி போன் பண்ணினான். மறுபடியும் அந்தச் சந்து.

ஊரில் எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவே இரண்டடிச் சந்து. பத்திரப்படி என் பாகம். அதை விட்டால் பின்பக்கம் வீட்டோடு சேர்த்து ஒரு கக்கூஸ் கட்டிவிடலாம் என்கிறான். அவன் மாமியாருக்கு மூட்டுவலி, ராத்திரியில் வளவு தாண்டிப் போக முடியவில்லை. எனக்கு அந்தச் சந்தால் ஒரு பிரயோசனமும் இல்லை, ஓணான்தான் ஓடுகிறது. ஆனாலும் நாலு வருஷமாய் 'பார்க்கலாம்' என்றே சொல்லி வருகிறேன். பாகம் பிரித்த அன்று எல்லார் முன்னாலும் அவன் என்னைப் பேசிய பேச்சு. அதைத்தான் இரண்டடி அகலத்தில் வைத்துக் காவல் காக்கிறேன்.

இன்றைக்கும் 'பார்க்கலாம்' என்றேன்.

மார்ச் 29, சனி

களக்காட்டில் ஒரு வேலை. திரும்பும் வழியில் டோனாவூரில் இறங்கினேன். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர், 1951-இல் சாகும்வரை ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. 1931-இல் இதே களக்காட்டில், இருட்டில், புதிதாகத் தோண்டிய ஒரு குழியில் விழுந்தார். அதன்பின் இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கைதான். குழியைத் தோண்டியவன் அதன்மேல் எதையாவது போட்டு மூடாமல் போய்விட்டானே என்றுதான் என் தொழில்புத்தி போயிற்று. கல்லறையில் பெயர்ப்பலகை கிடையாது, வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டாராம். பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்று. அதில் பிள்ளைகள் அவரைக் கூப்பிட்ட 'அம்மா' என்ற சொல் மட்டும்.

எனக்கோ சிமெண்டு பூச்சு காய்வதற்குள் பேரைப் பொறித்தாக வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

சாப்பிடும்போது அசரியா ஐயர் பேச்சு வந்தது. வெள்ளாளன்விளைக்காரர். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது முன்னால் நின்றவர். நம் ஆட்கள், நம் பணம், வெளிநாட்டுக் காசு கூடாது என்பது ஏற்பாடு. ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தவர் 1909-இல் தானே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு மிஷனெரியாய்க் கிளம்பிவிட்டார். அடுத்தவனைப் போகச் சொல்லும் கமிட்டிக்காரர்களை நிறையப் பார்த்தாயிற்று (நானும் ஒரு கமிட்டியில் இருக்கிறேன்), அதனால் இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டுக் காணிக்கைக்குச் சேர்த்ததைச் சொன்னேன். 'அனுதினமும்' என்பது அதுதான் போல என்றேன்.

வீட்டில் உடனே கேட்டாள்: "அந்தப் பிடி யார் தட்டுல கொறஞ்சுதுன்னு நெனைக்கீங்க? ஒங்க தட்டுலயா?"

அம்மா எப்போதும் கடைசியில்தான் சாப்பிடுவாள். கையில் ஒன்றும் இல்லாதவர்களைப் பார்த்து 'வெறுத்துவிடு' என்று சொல்வது எளிது. வசனம் தேடி வர வேண்டிய ஆள் நான், பத்திரம் என் பெட்டியில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 12, சனி

நாளை குருத்தோலை ஞாயிறு. தம்பிக்குச் சொல்லாமல் ஊருக்குப் போனேன். டேப், நூல், நாலு முளை. அவன் வேலைக்குப் போயிருந்தான்.

இரண்டடியையும் அவன் பக்கம் விட்டு நூல் கட்டினேன். கட்டிவிட்டு அளந்து பார்த்தால் பின்கோடியில் ஒன்றே முக்கால் அடிதான் அவனுக்கு. மூன்று அங்குலம் என் பக்கமே நின்றுவிட்டது. முப்பது வருஷமாய் நூல் பிடிக்கிற கை, தவறு என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. முளையைப் பிடுங்குவதற்குள் தம்பி வந்துவிட்டான். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நூலையே பார்த்தான்.

"அண்ணே, நூலு கோணலா இருக்கே."

"ஆமாலே. அந்தக் கோடியைப் பிடி."

பிடித்தான். மறுபடி கட்டினோம். பழைய பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பத்திர ஆபீசுக்கு ஈஸ்டர் கழிந்து போகலாம் என்று மட்டும் பேசிக்கொண்டோம். அவன் மாமியார் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி பெஞ்சாதி டீ கொண்டுவந்து நீட்டினாள். சுக்கு தட்டிப் போட்ட டீ. லெந்து முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. வாங்கிக் குடித்தேன்.