செவலையின் சீம்பால்

மெரினாவில் சவாரிக்கு நிற்கும் குதிரைக்கு வயிறு பெரிதாக இருந்தால், 'நல்லா தீனி போடுறாங்க' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். விலா எலும்பை எண்ண முடிகிறது, இடுப்பெலும்பு துருத்தி நிற்கிறது, வயிறு மட்டும் கனத்துத் தொங்குகிறது என்றால் அது தீனியால் வந்த வயிறு இல்லை. உள்ளே புழு இருக்கலாம், சினையாகவும் இருக்கலாம். சில சமயம் இரண்டுமே.

செங்குன்றம் தாண்டி, கைவிடப்பட்ட குதிரைகளைப் பராமரிக்கும் ஒரு லாயத்தில் வார இறுதிகளில் வேலை செய்கிறேன். சினைக் குதிரை இருந்தால் மற்ற நாள் இரவுகளிலும் போய்விடுவேன். வீடு மாதவரம் பால்பண்ணை, தூரமில்லை. இதை எழுத ஒரே காரணம்தான்: சினையாகத் தெரியும் குதிரையைப் பார்த்தால் சீக்கிரம் சொல்லுங்கள். குட்டி போடும் வாரத்தில் வந்து சேரும் குதிரைக்கு எங்களால் பாதி உதவிதான் செய்ய முடிகிறது.

குதிரையின் சினைக்காலம் ஏறக்குறைய 340 நாள். மனிதக் குழந்தை நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கைத் தாயின் வயிற்றிலேயே வாங்கிக்கொண்டு பிறக்கிறது. குதிரையின் நஞ்சுக்கொடி அதைக் கடத்துவதில்லை. குட்டிக்கு எல்லாமே சீம்பாலில்தான் வரவேண்டும். அதைக் குடல் அப்படியே உறிஞ்சுவதும் முதல் நாள் மட்டும்தான். மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் நின்றே போகும். அந்தச் சீம்பாலை மடி தயார் செய்வது கடைசிச் சில வாரங்களில். அதற்குள் அந்த லாயத்துக் கிருமிகளோடு தாயின் உடம்பு பழகியிருக்க வேண்டும், ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசியும் போட்டு முடித்திருக்க வேண்டும். குட்டி போடுவதற்கு ஒரு மாதம் முன்பாவது தாய் வந்து சேரவேண்டும் என்று டாக்டரம்மா சொல்வது இதனால்தான்.

செவலை என்ற சினைக் குதிரை ஆடி மாதம் வந்தாள். கிளாண்டர்ஸ் சோதனைக்கு ரத்தம் எடுத்து, முடிவு வரும்வரை தனியாகக் கட்டினோம். அந்த நோய் மனிதருக்கும் தொற்றும். விஷயம் கேள்விப்பட்டு அக்கம்பக்கத்தவர்கள் கொள்ளும் வெல்லமும் கேரட்டுமாகக் கொண்டுவந்தார்கள். அந்த அன்பைத் திருப்பி அனுப்புவது கஷ்டம், ஆனாலும் அனுப்பத்தான் வேண்டியிருந்தது. பல வாரம் பட்டினி கிடந்த குதிரைக்குத் திடீரென்று மாவுச்சத்தும் சர்க்கரையும் கொடுத்தால் ரத்தத்திலிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் ஓடிவிடும். இதயமே நின்றுபோகலாம். காயவைத்த குதிரைமசாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாலு மணிக்கு ஒரு தரம் என்று இரவிலும் எழுந்து போட்டோம். சினைக் குதிரையைப் பட்டினியாகவும் விட முடியாது. உடம்பிலுள்ள கொழுப்பு ரத்தத்தில் இறங்கிக் கல்லீரலைக் கெடுத்துவிடும், சிறிய இனங்களில் இது இன்னும் அதிகம். அவள் முதுகு நிரம்பத் தொடங்க ஆவணி கடந்துவிட்டது.

ஐப்பசி மழையில் மடி இறங்கியது. காம்பு நுனியில் மெழுகு போலத் திரண்டால் ஓரிரு நாளில் குட்டி என்பார்கள். செவலைக்கு மெழுகு கட்டிய மறுநாளே பால் சொட்டத் தொடங்கிவிட்டது. எங்கள் பாய் கிண்டி ரேஸ்கோர்ஸில் குதிரை பார்த்து வயதானவர். சொட்டின பாலைக் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நல்ல பால் இப்பவே தரையில போவுதும்மா. இன்னொரு பால் ரெடி பண்ணி வெச்சுக்கோ" என்றார்.

குதிரைகள் பெரும்பாலும் இரவில்தான் ஈனும். செவலையும் நள்ளிரவு தாண்டித்தான் படுத்தாள். பனிக்குடம் உடைந்தபின் இருபது முப்பது நிமிடத்தில் குட்டி வெளியே வந்துவிடவேண்டும். முதலில் தெரியவேண்டியது வெளுத்த சவ்வு. அதற்குப் பதில் வெல்வெட் மாதிரி சிவப்பாக வந்தால் நஞ்சுக்கொடி முன்னாலேயே கழன்றுவிட்டது, குட்டிக்கு மூச்சு இல்லை என்று அர்த்தம். டாக்டர் வரும்வரை காத்திருக்கக் கூடாது, நாமே உடனே கிழிக்கவேண்டும். அதற்காகவே கத்தரிக்கோல் என் இடுப்பில் இருந்தது. தெரிந்தது வெளுப்புதான். முன்னங்கால் இரண்டு, மேலே மூக்கு. தொப்புள்கொடியை நாங்கள் வெட்டவில்லை, தாய் எழும்போது தானாக அறுந்தது. நீர்த்த குளோர்ஹெக்சிடினில் தொப்புளை நனைத்தோம்.

ஒரு மணி நேரத்தில் நிற்கவேண்டும், இரண்டில் பால் குடிக்கவேண்டும், மூன்றில் நஞ்சுக்கொடி விழவேண்டும். இந்தக் கணக்கு லாயத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். குட்டி நின்றது, மடியையும் தேடிப் பிடித்தது. ஆனால் சீம்பாலில் ஒரு சொட்டை பிரிக்ஸ் மீட்டரில் வைத்தால் 12. கரும்புச் சாற்றின் இனிப்பை அளக்கும் அதே கருவிதான், சீம்பாலில் நோய் எதிர்ப்புப் புரதம் எவ்வளவு என்று மதிப்பிடவும் உதவும். 20க்கு மேலாவது இருக்கவேண்டும். மல்லி என்ற குதிரை அதற்கு முன் ஈன்றபோது, அவள் குட்டி குடித்த பிறகு கறந்து உறையவைத்த சீம்பால் எங்களிடம் இருந்தது. நம் வீடுகளில் மாட்டுச் சீம்பால் வந்தால் வெல்லம் போட்டுக் காய்ச்சிச் சாப்பிட்டுத் தீர்த்துவிடுவோம். இந்த ஃப்ரீசரில் இருப்பதை யாரும் தொடக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துத்தான் இளக்கவேண்டும், கொதிக்கவைத்தால் அதிலுள்ள நோய் எதிர்ப்புப் புரதம் கெட்டுவிடும். டாக்டரம்மா வந்து மூக்கு வழியே குழாய் விட்டுப் புகட்டினார். மறுநாள் குட்டியின் ரத்தச் சோதனையில் ஐஜிஜி, அதாவது அந்த நோய் எதிர்ப்புப் புரதம், போதுமான அளவான 800ஐத் தாண்டியிருந்தது. மல்லி வருஷக்கணக்காக அதே லாயத்தில் இருப்பவள், அங்கிருக்கும் கிருமிகள் அவள் உடம்புக்கு அத்துபடி. அவளுடைய பால் கிடைத்ததற்கு நான் இன்னும் நன்றியோடு இருக்கிறேன்.

பிறகு முதல் லத்தி கறுப்பாக வந்தது. இரண்டாவது வாரம் கழிச்சல் வந்தது, தாய் மறுபடி பருவத்துக்கு வரும் சமயத்தில் குட்டிகளுக்கு இது சாதாரணம். பால் குடித்துத் துள்ளிக்கொண்டிருந்தால் பின்பக்கத்தைக் கழுவித் துடைத்தாலே போதும். சுணங்கிப் படுத்தால் மட்டும் அந்த நிமிடமே டாக்டர்.

குட்டியைப் பார்த்துவிட்டு, 'தாயை மட்டும் கொடுங்க, பண்ணையில வெச்சுக்கிறோம்' என்று இப்போதே கேட்கிறார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆறு மாதம் வரை பிரிப்பதாக இல்லை. அதன் பிறகும், இரண்டையும் சேர்த்துக் கேட்பவர்களுக்குத்தான் முதலில் கொடுப்போம்.