ஃபைனைட் எலிமென்ட்: சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன்னும் பின்னும்

ஒரு பொருளைச் சிறு துண்டுகளாக (எலிமென்ட்) பிரித்து, விசையில் அது எப்படி நகரும், உள்ளே என்ன விசை வரும் என்று கணக்கிடும் முறைதான் ஃபைனைட் எலிமென்ட். அதைக் கற்கத் தொடங்குகிறவர் முதல் வாரம் எந்த சாஃப்ட்வேரையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். தாளும் பேனாவும் போதும். இந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை சுவரில் பொருத்தப்பட்ட ஸ்டீல் கம்பி. முதல் 500 மி.மீ. நீளத்துக்குக் குறுக்குவெட்டுப் பரப்பு 200 ச.மி.மீ., அடுத்த 500 மி.மீ.க்கு 100. மறுமுனையை 8000 நியூட்டன் விசையால் இழுக்கிறோம். யங் குணகம் (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) 2,00,000 மெகாபாஸ்கல்.

குணகத்தைப் பரப்பால் பெருக்கி நீளத்தால் வகுத்தால் ஸ்டிஃப்னஸ், அதாவது ஒரு மி.மீ. நீட்டத் தேவையான விசை, கிடைக்கும். முதல் துண்டுக்கு மி.மீ.க்கு 80,000 நியூட்டன், இரண்டாவதற்கு 40,000. துண்டுகளின் முனைப் புள்ளிகளான நோடுகள் மூன்று என்பதால் மேட்ரிக்ஸ் 3×3. ஆயிரங்களில் எழுதினால் வரிசைகள் இப்படி அமையும்:

80, −80, 0
−80, 120, −40
0, −40, 40

நடுவில் நிற்கும் 120ஐக் கவனியுங்கள். அசெம்ப்ளி என்று பெரிதாகச் சொல்வது இதைத்தான்: நடு நோடை இரண்டு துண்டுகளும் பகிர்வதால் 80ம் 40ம் கூடிவிட்டன. இப்போது சுவரிலுள்ள நோடின் வரிசையையும் நிரலையும் அடித்துவிட்டு மீதியைத் தீர்த்தால் நடு நோடு 0.1 மி.மீ., முனை 0.3 மி.மீ. நகரும். அடித்த வரிசைக்குத் திரும்பிப் போய் 0.1ஐப் போட்டால் −8000 வருகிறது, அதுதான் சுவரின் எதிர்விசை. எதையும் அடிக்காமல் தீர்க்கப் பார்த்தால் டிடர்மினன்ட் பூஜ்யம். பின்னாளில் சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) 'ஸீரோ பிவட்' என்று எரர் காட்டும்போது பெரும்பாலும் இதே கதைதான்: பொருளைச் சரியாகக் கட்டவில்லை, அது முழுசாக நகர்ந்து போகிறது. முப்பரிமாணத்தில் அப்படி நழுவ ஆறு வழிகள் உண்டு, மூன்று நகர்வு, மூன்று சுழற்சி. ஆறையும் அடைக்க வேண்டும்.

அடுத்த கணக்கு, பரப்பு மாறாத கம்பியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, சொந்த எடையை மட்டும் சேர்ப்பது. ஒரே ஒரு எலிமென்ட் போட்டாலும் கீழ்முனையின் நகர்வு சரியான விடையோடு அச்சு அசலாகப் பொருந்தும். மேல்முனையின் ஸ்ட்ரெஸ்ஸோ (ஓர் அலகு பரப்புக்கு வரும் உள்விசை) உண்மையில் பாதிதான் வரும். இரண்டு சம எலிமென்ட் போட்டால் முக்கால் பங்கு, நான்கு போட்டால் எட்டில் ஏழு. காரணம் எளிது. எலிமென்டுக்குள் நகர்வு நேர்கோடாகப் போகிறது, அதனால் ஸ்ட்ரெயின் (நீளத்துக்கு எவ்வளவு நீட்சி என்ற விகிதம்) மாறாமல் நிற்கிறது, எலிமென்டின் சராசரிதான் நமக்குக் கிடைக்கிறது. நகர்வு சீக்கிரம் சரியாகும், ஸ்ட்ரெஸ் பின்தங்கியே வரும் என்பது எந்த மாடலுக்கும் பொருந்தும். இந்த ஒரு கணக்கைப் போட்டவர் மெஷ் (எலிமென்டுகளின் வலை) எவ்வளவு பொடியாக வேண்டும் என்று யாரிடமும் கேட்க மாட்டார், தானே பாதியாக்கிப் பார்ப்பார்.

இதற்குத் துணையாக எதைப் படிப்பது? கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் ஃபெலிப்பா நடத்திய அறிமுகப் பாடத்தின் குறிப்புகள் இணையத்தில் இலவசம். மூன்றே உறுப்புகள் கொண்ட டிரஸ் (கம்பிகளை முனைகளில் இணைத்த சட்டகம்) ஒன்றை வைத்துக்கொண்டு அசெம்ப்ளியை வரிவரியாகக் காட்டுவார். ஆற்றலை வைத்துச் சமன்பாடுகளை வருவிக்கும் வேரியேஷனல் சமாச்சாரமெல்லாம் பிறகுதான். முறை வளர்ந்ததும் ஏறக்குறைய இதே வரிசையில்தான். 1956இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் நால்வரும் விமானக் கட்டமைப்புகளுக்காக எழுதிய கட்டுரை ஸ்டிஃப்னஸ் வழியில்தான் போனது. கிளஃப் இதற்குப் பெயர் வைத்தது 1960இல்.

வீடியோ வேண்டுமென்றால் எம்ஐடி ஓபன்கோர்ஸ்வேரில் கிளாவுஸ்-யூர்கன் பாத்தேயின் விரிவுரைகள் இருக்கின்றன. படப்பிடிப்பு பழையது, பாடம் பழையதல்ல. இந்திய இணையப் பாடத் தளமான என்பிடெலில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் பாடங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அசைன்மென்ட்களைப் போட்டு முடியுங்கள், நான்கையும் பாதிப் பாதி பார்ப்பது வீண். கணிதப் பக்கம் ஈடுபாடு உள்ளவர்களுக்கு தாமஸ் ஹியூஸின் புத்தகம், மலிவான டோவர் பதிப்பில் கிடைக்கிறது. ஒரு பரிமாணக் கணக்கை வைத்தே வீக் ஃபார்மை (சமன்பாட்டின் தொகையீட்டு வடிவத்தை) விளக்கும் அதன் முதல் அத்தியாயம் மட்டும் இப்போதைக்குப் போதும்.

இனி சாஃப்ட்வேர். கால்குலிக்ஸ் இலவச சால்வர். விண்டோஸில் அதற்கு முகப்பாக பிரிபோமேக்ஸ், எல்லா சிஸ்டத்திலும் ஃப்ரீகேட். வணிகப் பொதிகளின் மாணவர் பதிப்புகளும் இருக்கின்றன, மாடல் அளவுக்கு வரம்பு வைத்திருப்பார்கள். கற்க அது தடையே இல்லை.

முதல் மாடல் கான்டிலீவராக (ஒரு முனை மட்டும் சுவரில் பொருத்திய பீம்) இருக்கட்டும்: நீளம் 1000, அகலம் 50, உயரம் 100 மி.மீ., முனையில் கீழ்நோக்கி 1000 நியூட்டன், அதே ஸ்டீல், பாய்ஸான் விகிதம் (நீளும்போது பக்கவாட்டில் சுருங்கும் விகிதம்) 0.3. பீம் சூத்திரப்படி முனை 0.4 மி.மீ. இறங்க வேண்டும், சுவரருகே ஸ்ட்ரெஸ் 12 மெகாபாஸ்கல். (ஷியரையும், அதாவது குறுக்காகச் சறுக்கும் உருமாற்றத்தையும், சேர்த்தால் 0.403. இந்தச் சிறு வித்தியாசத்துக்குக் கவலைப்பட வேண்டாம்.)

இதையே முழு இன்டக்ரேஷன் (எலிமென்டுக்குள் பல புள்ளிகளில் கணக்கிட்டுக் கூட்டுவது) கொண்ட நான்கு நோடு செவ்வகங்களால், உயரத்தில் ஒன்று, நீளத்தில் பத்து என்று போட்டால் ஏட்டுக் கணக்குப்படி 0.27 அளவில்தான் இறங்கும். நீளத்தில் இரண்டே எலிமென்ட் என்றால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. நேர்கோட்டு விளிம்புள்ள எலிமென்டுக்கு வளையத் தெரியாது, வளைய வேண்டிய இடத்தில் இல்லாத ஷியரைக் காட்டி விறைத்துக்கொள்கிறது. இதுதான் ஷியர் லாக்கிங். சரி, குறைத்த இன்டக்ரேஷன் (ஒரே புள்ளியில் கணக்கிடுவது) போடலாம் என்று உயரத்தில் ஒரே அடுக்கோடு முயன்றால் எதிர்த்திசையில் கெடும். இன்டக்ரேஷன் புள்ளி நட்டநடுவில் இருக்கிறது, அங்கே வளைவின் ஸ்ட்ரெயின் பூஜ்யம். அதனால் பீம் துவண்டு அபத்தமான நகர்வைக் காட்டும். உயரத்தில் குறைந்தது நான்கு அடுக்கு வையுங்கள், அல்லது விளிம்புகளின் நடுவிலும் நோடு உள்ள இரண்டாம் படி எலிமென்டுக்குப் போங்கள். கால்குலிக்ஸில் அவை செங்கல் வடிவத்துக்கு சி3டி20ஆர், டெட்ராவுக்கு (நான்முகிக்கு) சி3டி10. நான்கு நோடு டெட்ராவான சி3டி4ஐ வளைவுக் கணக்கில் தொடவே வேண்டாம்.

ஸ்ட்ரெஸ்ஸைச் சுவரின் மூலையில் படிப்பதும் தவறு. மெஷைப் பொடியாக்கப் பொடியாக்க அங்கே எண் ஏறிக்கொண்டே போகும், நிற்காது. கூரான உள்மூலைகளிலும் புள்ளி விசைக்கு அடியிலும் இதே நிலைதான். பாதி நீளத்தில் மேற்பரப்பில் படியுங்கள், 6 மெகாபாஸ்கல் வர வேண்டும்.

அலகுகளில் மி.மீ., நியூட்டன் என்று போனால் நிறை டன்னில் இருக்க வேண்டும். ஸ்டீலின் அடர்த்தி ஒரு கன மி.மீ.க்கு 7.85×10⁻⁹ டன். பழக்கதோஷத்தில் 7850 என்று அடித்தால் ஸ்டாட்டிக் கணக்கில் (ஈர்ப்பு விசை சேர்க்காதவரை) ஒன்றும் தெரியாது. அதிர்வெண் கணக்கிலோ விடை பத்து லட்சம் மடங்கு குறைந்து வரும்.

இதெல்லாம் முடிந்தபின், ஃபைனைட் எலிமென்டுக்குச் சோதனைக் கணக்குகளை வெளியிடும் நாஃபெம்ஸ் அமைப்பின் எல்இ1 என்ற சோதனைக் கணக்கு. நீள்வட்டத் தகட்டின் கால் பகுதி, அலகு மீட்டர். உள்விளிம்பு எக்ஸ் அச்சை 2லும் ஒய் அச்சை 1லும் வெட்டும், வெளிவிளிம்பு 3.25லும் 2.75லும். தடிமன் 0.1, குணகம் 210 கிகாபாஸ்கல், பாய்ஸான் 0.3, வெளிவிளிம்பில் வெளிநோக்கி 10 மெகாபாஸ்கல். இரண்டு நேர் விளிம்புகளிலும் சமச்சீர் கட்டு போட வேண்டும். உள்விளிம்பு எக்ஸ் அச்சைத் தொடும் புள்ளியில் ஒய் திசை ஸ்ட்ரெஸ் 92.7 மெகாபாஸ்கல் வர வேண்டும். முதல் மெஷில் வராது. அந்தப் புள்ளிக்கு அருகே ஒரே நோடைப் பகிரும் எலிமென்டுகள் ஒவ்வொன்றும் என்ன எண் தருகிறது என்று சராசரி எடுக்காமல் பாருங்கள். அவற்றுக்கிடையே இடைவெளி பெரிதாக இருந்தால் அந்தப் பக்கம் மெஷ் போதவில்லை. கான்டாக்ட் (பொருள்கள் ஒன்றையொன்று தொடுவது), பிளாஸ்டிசிட்டி (நிரந்தர உருமாற்றம்) எல்லாம் இந்த எண் வந்த பிறகு.