முதலில் போர்வை, அப்புறம் ஹீட்டர்

போன வருடம் கோவையில் தங்கை குடியிருக்கும் அபார்ட்மெண்ட் நீச்சல் குளத்தில் அம்மா இறங்கி நடந்தார். முழங்கால் தேய்ந்துபோய், வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவர். மார்பளவு தண்ணீரில் கையை வீசிக்கொண்டு பத்து நடை போய் வந்தார். "இங்க வலிக்கலடா" என்றார். அன்று ராத்திரியே எங்கள் கோத்தகிரி வீட்டின் பின்பக்கத்தை ஒரு சின்னக் குளத்துக்காக மனதுக்குள் அளக்க ஆரம்பித்துவிட்டேன்.

5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம். 15,000 லிட்டர் பிடிக்கும். அதாவது 15 டன். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த யாரும் அந்த எடையைச் சரிவின் விளிம்பில் வைக்க மாட்டார்கள். சமையலறைக்கும் பேரிக்காய் மரத்துக்கும் நடுவே, மண் கொட்டி நிரப்பாத கெட்டித் தரையாகப் பார்த்து இடம் குறித்தேன்.

இடம் முடிவானதும் சூடு பற்றிய யோசனை. டிசம்பரில் எங்கள் தொட்டித் தண்ணீர் 14 டிகிரி. அம்மாவின் மூட்டுக்கு 30 டிகிரியாவது வேண்டும். 1,000 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 யூனிட் என்று கணக்குப் போட்டால், முதல் தடவை சூடேற்றவே சுமார் 280 யூனிட். அது ஒரு தடவைச் செலவு, போகட்டும். தினமும் இறங்கும் சூடுதான் கவலை.

தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பக்கம் 22 வருடம் நின்றவன் நான். கொழுந்தின் ஈரம் ஆவியாக எவ்வளவு விறகு தின்னும் என்று தெரியும். அதே கணக்குதானே குளத்துக்கும்? இரண்டு 100 லிட்டர் தொட்டிகளில் 30 டிகிரி தண்ணீர் ஊற்றி, பக்கவாட்டில் சாக்கு சுற்றி, ராத்திரி 9 மணிக்கு வெளியே வைத்தேன். ஒன்று திறந்தபடி, மற்றதன் மேல் குமிழ் ஷீட். காலை 6 மணிக்குத் திறந்த தொட்டி 20 டிகிரி, மூடியது 24. திறந்ததில் தண்ணீர் மட்டமும் பென்சில் கோட்டுக்குக் கீழே 3 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. மூடியதில் கோடு அப்படியே இருந்தது. ஷீட்டின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர்.

அந்த 3 மில்லிமீட்டர் என் குளத்தில் 37 லிட்டர். அவ்வளவும் ஆவியாகும்போது 25 யூனிட் சூட்டைக் கொண்டுபோய்விடும், ஒரே ராத்திரியில். அதனால் என் பட்டியலில் முதல் சாமான் குளத்துக்குப் போர்வை மாதிரியான மூடிதான். காட்டெருமை வந்து மிதிக்காமல் இருக்க வேலிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவிட்டேன்.

ஹீட் பம்ப் விற்க வந்தவர் "ஒரு யூனிட் கரண்டுக்கு அஞ்சு யூனிட் சூடு சார்" என்றார். அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் பார்த்தால், அது 27 டிகிரி காற்றுக்கான கணக்கு. காற்றிலிருந்துதான் அந்த மெஷின் சூட்டை எடுக்கிறது. எங்கள் ஊரின் 8 டிகிரி விடியற்காலையில் பலன் வெகுவாகக் குறையும், காற்றிலிருந்து சூட்டை இழுக்கும் குழாய்ச் சுருளில் (காயில்) பனி கட்டி, அது உருகும்வரை நின்று நின்று ஓடும். 10 டிகிரியில் எவ்வளவு தரும் என்று எழுதி வாங்காமல் யாரும் முன்பணம் கொடுக்காதீர்கள். நான் அதைப் பகல் 11 முதல் 4 வரை மட்டும் ஓட்டப் போகிறேன். ராத்திரிக் காவல் மூடியுடையது.

தெற்குச் சரிவுக் கூரையில், வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் கறுப்பு சோலார் பாய்களும் உண்டு. ஜனவரியில் பனி விழுகிற ராத்திரிக்கு மறுநாள் வானம் பளிச்சென்று இருக்குமே, அந்த வெயிலை விட மனசில்லை.

இன்னொன்று. எங்கள் ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, பி.ஹெச். 6.4, அதாவது லேசான அமிலத்தன்மை. செம்புக் குழாயை அரித்துப் பச்சைக் கறை விடும். ஹீட் பம்பின் உள்குழாய் டைட்டானியம்தான் என்று முடிவு செய்தேன். தண்ணீரைச் சரிசெய்யச் சமையல் சோடா. ஃபில்டர் பம்ப் முக்கால் குதிரைத்திறன் போதும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் பிரேக்கரோடு.

நேற்று மேஸ்திரி படிக்கட்டுக்கு 7 அங்குல உயரம் குறித்தார். அம்மாவைக் கூப்பிட்டுச் செங்கல் அடுக்கி ஏறச் சொன்னோம். 7-க்குக் கால் எழும்பவில்லை, 6-க்கு முகம் சுளித்தார். 5-க்கு ஏறி நின்று, பிடித்துக்கொள்ள எதையோ தேடினார். கைப்பிடியை இரண்டு பக்கமும் போடச் சொல்லியிருக்கிறேன்.