நான் நீக்கிய 41 ஐடிகள்

டெலிவரி வேலை, டாக்சி ஆப் வேலை பற்றி ஆய்வு செய்யப் போகிறேன் என்று மாதத்துக்கு இரண்டு மூன்று மாணவர்களாவது என்னிடம் பேசுகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "டேட்டா எங்கே கிடைக்கும்?" பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வை முடித்த கையோடு இதை எழுதுகிறேன். அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் டேட்டா கிடைத்த பிறகு நான் செய்த ஒரு தப்பைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அதை நீங்களும் செய்துவிடக் கூடாது.

நான் ஆய்வைத் தொடங்கியபோது அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் இவர்களுக்கென்று தனி வகை கிடையாது. சுயதொழில் செய்பவர்களோடு கலந்து போய்விடுவார்கள். நிதி ஆயோக் 2022 ஜூனில் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் 'கிக்' தொழிலாளர்கள், அதாவது இப்படி நிரந்தர வேலையில் இல்லாமல் சம்பாதிப்பவர்கள், 2020-21ல் 77 லட்சம் பேர், 2029-30ல் 2.35 கோடி ஆவார்கள் என்று அதில் வரும். இந்த எண்கள் இல்லாத சினாப்சிஸை (ஆய்வுச் சுருக்கத்தை) நான் பார்த்ததில்லை. போடுங்கள், தப்பில்லை. ஆனால் அது ஆட்களை நேரில் எண்ணி வந்த எண் இல்லை. பழைய கணக்கெடுப்புகளிலிருந்து கணித்த மதிப்பீடு. 'மதிப்பீடு' என்ற சொல்லை விட்டுவிட்டு எழுதினால் டி.சி. மீட்டிங்கில், அதாவது ஆய்வை மேற்பார்க்கும் குழுவின் கூட்டத்தில், முதல் கேள்வியே அங்கேதான் விழும்.

அரசுக் கணக்கில் ஆள் தெரியவில்லை என்றால் வியாபாரத்துக்காகச் சேர்த்த டேட்டாவைத்தான் தேடிப் போக வேண்டும். அது பெரும்பாலும் மூன்று இடங்களில் இருக்கிறது: வங்கியில், ஆப் நடத்தும் நிறுவனத்தில், காசு கொடுத்து வாங்கும் சர்வேயில். மூன்றுமே இவர்களைப் பற்றி ஆராய்வதற்காகச் சேர்த்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பார்க்க முடியாத பக்கம் ஒன்று உண்டு.

வங்கிக் கணக்கை வைத்துச் செய்த ஆய்வுகளில் ஜேபி மார்கன் சேஸ் என்ற அமெரிக்க வங்கியின் ஆய்வு அமைப்பான ஜேபி மார்கன் சேஸ் இன்ஸ்டிடியூட் 2018ல் வெளியிட்டதைக் கட்டாயம் படியுங்கள். அமெரிக்காவில் 3.9 கோடி கணக்குகளில் 128 ஆன்லைன் தளங்களிலிருந்து வந்த பணத்தைப் பார்த்திருக்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இப்படி வந்த சராசரி மாத வரவு 2013க்கும் 2017க்கும் நடுவில் 53 சதவீதம் குறைந்தது என்று அதில் இருக்கும். உடனே 'கூலி பாதியாகிவிட்டது' என்று எழுதக் கை துடிக்கும். எழுதாதீர்கள். வங்கிக்குத் தெரிவது கணக்கில் விழுந்த தொகை மட்டும்தான். அவர் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று அதற்குத் தெரியாது. கூலி குறைந்திருக்கலாம், வாரக் கடைசியில் மட்டும் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் புதிதாகச் சேர்ந்திருக்கலாம், இரண்டுமே நடந்திருக்கலாம். பெட்ரோலுக்குப் போனதும் அந்தத் தொகையில் கழிந்திருக்காது.

நிறுவனத்தின் உள் டேட்டாவில் மணி நேரம் தெரியும், இடம் தெரியும், வேகம்கூடத் தெரியும். ஊபரில் வண்டி ஓட்டிய 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து, பெண்கள் மணிக்குச் சுமார் 7 சதவீதம் குறைவாகச் சம்பாதிக்கிறார்கள் என்று அமெரிக்காவில் ஒரு குழு கண்டுபிடித்தது. அனுபவம், எந்தப் பகுதியில் ஓட்டுகிறார்கள், எவ்வளவு வேகமாக ஓட்டுகிறார்கள் என்ற மூன்றே காரணங்களில் அந்த வித்தியாசம் அடங்கிவிட்டது. வேறு எந்த டேட்டாவாலும் இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்க முடியாது. அதே சமயம் அந்தக் குழுவில் ஊபர் நிறுவனத்தின் பொருளியலாளர்களும் இருந்தார்கள். ஆய்வு தப்பு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உள்ளே ஆள் இருந்தால்தான் கதவு திறக்கும், எந்தக் கேள்விக்குத் திறக்கும் என்பதும் உள்ளே இருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது.

சர்வே பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் ஊரில் சி.எம்.ஐ.இ. என்ற தனியார் பொருளாதாரத் தகவல் நிறுவனத்தின் குடும்பக் கணக்கெடுப்பைப் பல பல்கலைக்கழகங்கள் சந்தா கட்டி வாங்குகின்றன. 2014லிருந்து ஒரே குடும்பங்களை வருடத்துக்கு மூன்று முறை பார்க்கிறார்கள், அது பெரிய பலம். ஆனால் ரொம்ப ஏழையான குடும்பங்கள் அதில் குறைவாக வருகின்றன என்று 2021ல் பொருளியலாளர்கள் ழான் த்ரேஸும் அன்மோல் சோமஞ்சியும் எழுதினார்கள். அந்த விவாதத்தைப் படிக்காமல் அந்த டேட்டாவைத் தொடாதீர்கள். அப்புறம் கேள்வியின் வாசகம். 2018ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு, அங்குள்ள ஆப் டாக்சி ஓட்டுநரின் இடைநிலை லாபம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் லாபம்) மணிக்கு 3.37 டாலர் என்றது. வருமானம் பற்றிய கேள்வியைப் பதில் சொன்னவர்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டிருக்கலாம் என்று ஊபர் தரப்பு சுட்டிக்காட்டியது. கணக்கைத் திருத்திப் போட்டபோது ஒரு முறையில் 8.55, இன்னொரு முறையில் 10 டாலர் வந்தது. கேள்வி ஒன்றைப் புரிந்துகொண்ட விதத்தில் வந்த வித்தியாசம் இது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

ஒரு டெலிவரி நிறுவனம், சென்னையின் ஒரு பகுதிக்கான ஆறு மாத ஆர்டர் பதிவுகளைப் பெயர் நீக்கித் தர ஒப்புக்கொண்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், ஆய்வுக் கட்டுரை எதையும் வெளியிடும் முன் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. படித்தேன், பெரிதாக நினைக்கவில்லை. பின்னால் ஒரு கட்டுரை அந்தச் சம்மதத்துக்காக ஐந்து மாதம் காத்துக் கிடந்தது. கையெழுத்துக்கு முன்பே நெறியாளரை வைத்து, 'பார்வைக்கு அனுப்புவோம், 30 நாளில் பதில் வராவிட்டால் வெளியிடுவோம்' என்று மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பல இடங்களில் மாற்றுவார்கள்.

டேட்டா வந்ததும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன், சுத்தம் செய்தேன். ஒரு நாளில் 16 மணி நேரத்துக்கு மேல் ஆர்டர் ஓடியிருந்த ஐடிகள் (பெயருக்குப் பதில் தொழிலாளரைக் குறிக்கும் எண்கள்) 41 இருந்தன. சில நாட்களில் 17, 18 மணி நேரம். மனிதனால் முடியாது, சிஸ்டம் கோளாறு என்று முடிவு செய்து 41ஐயும் நீக்கினேன். நீக்கியதற்கு ஓர் அடிக்குறிப்பும் எழுதினேன். அந்த அடிக்குறிப்பை யாரும் கேள்வி கேட்கவில்லை.

அடுத்த கட்டமாகத் தொழிலாளர்களைச் சந்திக்கப் போனேன். வேளச்சேரியில் ஒரு பிரியாணிக் கடை. வாசலில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் எப்போதும் நிற்கும். கவிழ்த்துப் போட்ட பால் கிரேட் மேல் உட்கார்ந்து ஒரு அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுப்புரம் பக்கம். மூன்று நாள் அவரோடு பேசிய பிறகு, நான்காவது நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு இன்னொரு பையன் வந்தான். அண்ணன் போனை அவன் கையில் கொடுத்தார், டி-ஷர்ட்டைக் கழற்றிக் கொடுத்தார், பையைக் கொடுத்தார், வண்டிச் சாவியைக் கொடுத்தார். பையன் டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"என் தம்பி. அவனுக்கு லைசென்ஸ் இன்னும் வரல. ராத்திரி இன்சென்டிவ் அவன் ஓட்டிப் பிடிப்பான்" என்றார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே ஐடியாண்ணே?"

"ஒரு போன், ஒரு வண்டி, ஒரு ஐடி. வேற என்ன பண்றது தம்பி?"

அன்று இரவு அறைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து அந்த 41 ஐடிகளையும் திரும்ப எடுத்தேன். பெரும்பாலானவற்றில் காலை ஆர்டர்களுக்கும் இரவு ஆர்டர்களுக்கும் நடுவில் அரை மணி, முக்கால் மணி இடைவெளி இருந்தது. சராசரி வேகமும் இரண்டு பாதியிலும் வேறு வேறாக இருந்தது. எல்லாமே இரண்டு பேர் என்று என்னால் நிரூபிக்க முடியாது. சில நிஜமாகவே ஒரே ஆள் ஓட்டிய 17 மணி நேரமாக இருக்கலாம், அது இன்னும் கொடுமை. கோளாறு என்று நான் தூக்கிப் போட்டது, இந்த வேலையில் கடைசிப் படியில் நிற்கிறவர்களை. காப்பீடும் இல்லாமல், பெயரும் இல்லாமல், இன்னொருவர் ஐடிக்குப் பின்னால் ஓட்டுகிறவர்களை. அந்த இரவை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அதன் பிறகு என் கோப்பில் 'தொழிலாளர்' என்ற தலைப்பை மாற்றி 'ஐடி' என்று எழுதினேன். நீங்கள் முதல் நாளே மாற்றிவிடுங்கள். ஓர் ஐடிக்குப் பின்னால் இரண்டு பேர் இருப்பதுபோல, ஒரே ஆளுக்கு மூன்று ஆப்பில் மூன்று ஐடி இருக்கும். இரண்டு மாதத்தில் ஓர் ஐடி நின்றுபோனால் அவர் வேலையை விட்டுவிட்டார் என்று அர்த்தமில்லை. அதே கடை வாசலில் வேறு நிற டி-ஷர்ட்டில் நிற்பார்.

இன்னொன்றும் அந்தப் பால் கிரேட்டில் உட்கார்ந்துதான் தெரிந்தது. ஒரு நாள் மதியம் இரண்டே முக்காலிலிருந்து நாலேகால் வரை அவருக்கு ஓர் ஆர்டர்கூட வரவில்லை. ஆப் திறந்தே இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நெட்டை அணைத்துப் போட்டார், இடம் மாறினால் வரும் என்று எதிர்ச்சாரிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். என்னிடம் இருந்தது ஆர்டர் பதிவு. ஆர்டர் வந்தால் ஒரு வரி, வராவிட்டால் வரியே இல்லை. அந்த ஒன்றரை மணி நேரம் என் டேட்டாவில் எங்கேயும் கிடையாது. அதை விட்டுவிட்டு மணிக்கு இவ்வளவு வருமானம் என்று வகுத்துப் போட்டால் கூலி நல்லபடியாகத் தெரியும், ஆனால் அது பொய்க் கணக்கு. டேட்டா கேட்கும்போதே ஆர்டர் பதிவோடு, ஆப் எப்போது திறந்திருந்தது என்று காட்டும் லாகின் பதிவையும் சேர்த்துக் கேளுங்கள். தர மறுத்தால் ஒரு பத்துப் பேரோடாவது முழு நாள் உட்கார்ந்து கைக்கடிகாரத்தை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நான் 14 பேரோடு அப்படிச் செய்தேன். என் ஆய்வில் நம்பகமான அத்தியாயம் எது என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) புறத் தேர்வாளர் கேட்டபோது தயங்காமல் அந்த 14 பேர் அத்தியாயத்தைத்தான் சொன்னேன்.

நிறுவனம் கதவைத் திறக்கவில்லையா? தொழிலாளர் கையில் இருக்கும் போனிலேயே டேட்டா இருக்கிறது. வாராந்தர பேஅவுட் பக்கம், இன்சென்டிவ் பக்கம், வங்கி எஸ்.எம்.எஸ். அவர் விரும்பித் தந்தால் அது அவருடைய டேட்டா. ஐரோப்பாவில் ஓட்டுநர்கள் இதைச் சட்ட உரிமையாகவே கேட்டு வாங்குகிறார்கள். ஊபர், ஓலா இரண்டுக்கும் எதிரான வழக்குகளில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் பெரும்பாலும் ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டத்திலும் 11ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைச் சொல்கிறது. ஸ்க்ரீன்ஷாட் வாங்கும்போது பெயர், போன் நம்பர், வாடிக்கையாளர் முகவரி மூன்றையும் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள். ஐடியைப் பகிர்வது தெரிந்தால் அவர் வேலை போய்விடும், அதனால் எந்தக் கடை வாசல் என்றுகூட ஆய்வேட்டில் எழுத வேண்டாம். இங்கேயும் அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

வாங்கியதைத் திருப்பியும் கொடுங்கள். அந்த அண்ணன் எல்லாப் பேச்சும் முடிந்த பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். தம்பிக்கு வண்டி எடுக்க லோன் கேட்டபோது ஃபைனான்ஸில் சம்பளச் சீட்டு கேட்டார்களாம். இவருக்கு எங்கே சம்பளச் சீட்டு? அவர் போனில் இருந்த மூன்று மாத பேஅவுட்டை வாரம் வாரமாக எக்செல்லில் போட்டு, பெட்ரோல் செலவை ஒரு பக்கம், கையில் நின்றதை ஒரு பக்கம் எழுதி, இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கடைசி வரியை விரலால் தொட்டு இரண்டு முறை படித்தார். "இவ்ளோதானா நிக்குது?" என்று கேட்டுவிட்டு, நாலாக மடித்து ஆர்.சி. புக் கவருக்குள் வைத்துக்கொண்டார். அதற்குள் போன் அடித்தது, ஆர்டர். கிளம்பிவிட்டார்.