குளத்து ஓரத்துக்கு இரண்டு முறை வாங்கிய கல்

பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வந்தால் நீந்தட்டும் என்று பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் புறவாசலில் இருபது அடி நீளத்தில் ஒரு நீச்சல் குளம் கட்டினோம். உள்ளே ஒட்டும் ஓடு, மோட்டார், வடிகட்டி எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடிவு செய்துவிட்டேன். கோப்பிங் என்று கொத்தனார்கள் சொல்லும் ஓரடி அகல ஓரக் கல்லுக்குத்தான் இரண்டு முறை பணம் செலவழிக்க நேர்ந்தது.

முதலில் வாங்கியது மெருகேற்றிய கடப்பா கல். கடையில் ஈரத்துணியால் துடைத்துக் காட்டியபோது குளித்து எழுந்த யானையின் முதுகைப் போல மின்னியது. குளத்துக்கு ஏற்றதுதானா என்று கேட்டதற்கு, "எல்லாரும் இதத்தான் போடுதாங்க" என்றார் கடைக்காரர். நான் கேட்டதற்கு அது பதிலாகாது என்று அன்று உறைக்கவில்லை.

கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை. ராஜஸ்தானத்துக் கோட்டா கல்லும் அப்படியே. வீட்டுக்குள் தரைக்கும் அலமாரித் தட்டுக்கும் குறை சொல்ல முடியாத கற்கள்தாம். ஆனால் குளத்து நீரின் பிஎச் அளவை, அதாவது அமில-காரத் தன்மையை, 7.2 முதல் 7.8 வரை நிறுத்துவதற்காக அவ்வப்போது ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வாளியிலிருந்து நாலு சொட்டுத் தெறித்தாலும், அந்த இடம் நுரைத்து, பளபளப்பு போய், தேமல் விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது. ஆறே மாதத்தில் எங்கள் குளத்து ஓரமெல்லாம் தேமல். போர் தண்ணீரின் உப்பு வேறு காய்ந்து, கறுப்பின் மேல் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. சித்திரை மாதத்து நண்பகலில் தண்ணீரிலிருந்து ஏறிய பேத்தி, இரண்டு எட்டு வைத்ததும் அலறிக்கொண்டு திரும்பவும் குதித்தாள். கறுப்புக் கல் அப்படிச் சுட்டது. நனைந்தாலோ வழுக்கியது.

பெயர்த்தெடுக்க வந்த கொத்தனார் சொன்னார்: "அண்ணாச்சி, குறுக்குத்துறைப் படித்துறையில ஈரக்காலோடதான நடக்கோம்? பாசி பிடிச்ச இடத்தத் தவிர எங்கயாவது வழுக்குதா? அது உளியால பொளிஞ்ச கல்லு." தேய்ந்த அம்மியைக் கொத்தி வைக்கும் நமக்கு இது தெரியாத கணக்கன்று, பளபளப்பைக் கண்டு நான்தான் மறந்துவிட்டேன்.

இம்முறை வெளிர் சாம்பல் நிறக் கிரானைட்டை, பிளேம்டு செய்ததாக, தேர்ந்தெடுத்தேன். எரிவாயுத் தீயை வேகமாகக் காட்டும்போது மேற்பரப்பின் மணிகள் சூட்டில் விரிந்து தெறித்துவிட, பொளிந்தாற்போன்ற சொரசொரப்புக் கிடைக்கிறது. வாங்குமுன் ஒரு துண்டில் ஆசிட் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், நுரைக்கவில்லை. அதே துண்டை மதியம் வரை மொட்டை மாடியில் போட்டுவைத்து, தண்ணீர் ஊற்றிச் செருப்பில்லாமல் ஏறி நின்றேன். சூடு இல்லாமல் இல்லை, ஆனால் கால் பொறுத்தது.

கனம் ஒன்றரை அங்குலம். தண்ணீர்ப் பக்கம் ஓர் அங்குலம் நீட்டி, அந்த விளிம்பின் கூர்மையை உருட்டி, அடியில் ஒரு காடி, அதாவது கோடு போன்ற சிறு பள்ளம், வெட்டச் சொன்னேன்; காடி இருந்தால் வழியும் நீர் சுவரோடு இறங்கி ஓட்டில் கறை பிடிக்காமல் அங்கேயே சொட்டிவிடும். வாட்டம் வெளிப்புறமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தோட்டத்து மண்ணெல்லாம் குளத்துக்குள் வந்து சேரும். ஓரக் கல்லுக்கும் சுற்றுத் தளத்துக்கும் இடையிலுள்ள சந்தில் சிமெண்ட் பூசாமல், இழுவையுள்ள சீலண்ட் வைத்தோம். குளத்துச் சுவர் ஒருவிதமாகவும் தளம் ஒருவிதமாகவும் அசைவதால், சிமெண்ட் என்றால் அந்த இடத்தில் விரிசல் கண்டுவிடும்.

பெயர்த்த கடப்பா கற்களில் உடையாதவை ஸ்டோர் அறைக்குத் தட்டுகளாயின. அரிசி டின்னின் கீழ் அவை இன்னும் பளபளவென்றுதான் இருக்கின்றன.