இரண்டு துண்டுகள்

15 ஜூன் 2024, சனி

எழுதினால் கை நடுக்கம் நிற்குமோ என்று பார்க்கிறேன்.

நேற்று மதியம் தம்பி மதுரைக்குப் போகிற வழியில், விராலிமலைக்குக் கொஞ்சம் முன்னால், நான்குவழிச் சாலையில் பைக்கோடு விழுந்துவிட்டான். குறுக்கே மயில் வந்ததாம். அந்தப் பக்கம் மயில்கள் அதிகம்தான். சறுக்கிக்கொண்டே போய்ச் சாலையோரத் தகரத் தடுப்பில் மோதியதில் அதன் முனை இடது மேற்கையின் உட்புறத்தைக் கிழித்திருக்கிறது. அங்கே ஓடும் பெரிய ரத்தக்குழாய் அறுந்துவிட்டது.

இரவு ஒன்றரை மணி வரை அறுவை சிகிச்சை. காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்துக் கையில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். நான்கு பை ரத்தம் ஏறியது. ரத்த வங்கி வாசலில் உலக ரத்த தான தினம் என்று பேனர் கட்டியிருந்தார்கள். ஜூன் 14தான் அந்த நாளாம். நேற்றுக் காலை வரை அது எனக்குத் தெரியாது.

டாக்டர் வெளியே வந்ததும் முதலில் கேட்டது: "அங்க அழுத்திப் பிடிச்சது யாரு? கைய எடுத்திருந்தா பையன் இங்க வந்து சேர்ந்திருக்க மாட்டான்." அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன்.

16 ஜூன், ஞாயிறு

பேசுகிறான். நாக்கு குழறினாலும் பேசுகிறான்.

"ஒருத்தர் என்னைத் திட்டிக்கிட்டே இருந்தாரு அக்கா. கண்ண மூடாதடா, மூடாதடான்னு. யாரோ சோடா ஒடச்சுக் கொண்டாந்தாங்க. அவங்களையும் திட்டுனாரு."

அவனுக்கு முகம் நினைவில்லை. குரல் மட்டும்தான். பீடி வாசனையும்.

மதியம் நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தார். கிழிந்த சட்டை, பெல்ட், ஒற்றைச் செருப்பு. அடியில் இரண்டு துண்டுகள், காய்ந்து அட்டைபோல் விறைத்துக் கிடந்தன. ஒன்று காவி நிற ஈரிழைத் துண்டு, இன்னொன்று வெள்ளைத் தேங்காய்ப்பூத் துண்டு. வெள்ளை என்று ஓரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அப்போதுதான் நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை நான் ஆட்டோவிலிருந்து இறங்கி உள்ளே ஓடியபோது, வாசல் குழாயடியில் ஒருவர் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். லுங்கி முழுக்க ரத்தம். இவர் வீட்டிலும் யாருக்கோ அடிபட்டிருக்கிறது, பாவம் என்று நினைத்தபடி அவரைத் தாண்டிப் போனேன்.

தாண்டிப் போனேன். இதை எத்தனை தடவை எழுதினாலும் மாறப் போவதில்லை.

19 ஜூன், புதன்

தம்பியை ஏற்றி வந்த 108 வண்டியில் இருந்த பணியாளரை இன்று பார்த்தேன். வேறு ஒரு நோயாளியை இறக்கிவிட்டு ஸ்ட்ரெச்சரைத் துடைத்துக்கொண்டிருந்தார். விவரத்தைச் சொன்னதும், "மயில் கேஸா?" என்றார்.

அவர் சொன்னது: வண்டி போய்ச் சேர 18 நிமிஷம் ஆகியிருக்கிறது. அதுவரை அந்த மனிதர் தம்பியைப் படுக்க வைத்து, துண்டை மடித்துக் காயத்தில் வைத்து, இரண்டு கையாலும் தன் எடை மொத்தத்தையும் போட்டு அழுத்தியிருக்கிறார். ஊறிப் போனதும் துண்டை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வைத்திருக்கிறார். "எல்லாரும் நின்னுருச்சான்னு எடுத்துப் பாப்பாங்கம்மா. அங்கதான் போச்சு. உறைய ஆரம்பிச்ச ரத்தம் துணியோடயே வந்துரும்." ட்ரிப்ஸ் போட இவருக்குக் கை வேண்டுமே, அதனால் அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்களாம். திருச்சி வரை அழுத்திய கையை அவர் எடுக்கவே இல்லை.

சோடாவை ஏன் தடுத்தார் என்றும் கேட்டேன். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்து உண்டாம்.

உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டர் ரத்தம். பெரிய குழாய் அறுந்தால் சில நிமிஷங்களே போதும் என்கிறார்கள். நான் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதிருப்பேன். துண்டை நாலு தடவை எடுத்துப் பார்த்திருப்பேன். சோடாவுக்கு ஓடியிருப்பேன். எல்லாம் பாசத்தில்தான்.

27 ஜூன், வியாழன்

தம்பியை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கட்டை விரல் அசைகிறது. சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் இன்னும் மரத்துத்தான் இருக்கின்றன.

ஆஸ்பத்திரி புறக்காவல் நிலையத்தில் போய் அந்த மனிதரின் பெயரைக் கேட்டேன். ஏட்டு பதிவேட்டைப் புரட்டினார். பெயர் இல்லை.

"சொல்ல இஷ்டமில்லன்னாரு. நாங்க வற்புறுத்தக் கூடாதும்மா. சட்டம் அப்படி."

உண்மைதான். 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகவே சேர்த்துவிட்டார்கள். அடிபட்டவரைக் காப்பாற்ற வந்தவர் மேல் வழக்குப் போட முடியாது. பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டியிருக்குமே என்று பயந்து ஒதுங்கிப் போகிறவர்களுக்காக வந்த சட்டம். நல்ல சட்டம், சந்தேகமில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. நான் என்ன வழக்கா போடப் போகிறேன்? ஒரு வார்த்தை சொல்லத்தானே கேட்டேன்.

7 ஜூலை, ஞாயிறு

தம்பி வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. அம்மா விராலிமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். அங்கே சாமிக்குச் சுருட்டு வைப்பார்கள். மழை வெள்ளத்தில் தவித்த பக்தர் ஒருவருக்கு முன்பின் தெரியாத ஒருவர் வந்து உதவினாராம். குளிருக்கு இருவரும் சுருட்டுப் பிடித்தார்களாம். பிறகு பார்த்தால் வந்தது முருகனாம். இந்தக் கதையைப் படியேறும்போது மூன்று தடவை சொல்லிவிட்டு, "இப்பவும் அவன்தாண்டி வந்தான்" என்றாள். எனக்கு அதை ஏற்க மனமில்லை. முருகன் குழாயடியில் நின்று சோப்புப் போட்டுக் கை கழுவமாட்டான். சாமி என்று சொல்லிவிட்டால் நம் கடன் முடிந்துபோகும். கற்பூரம் ஏற்றிவிட்டு வந்துவிடலாம்.

இறங்கியதும் அம்மாவை நிழலில் உட்கார வைத்துவிட்டு, விபத்து நடந்த இடத்துக்கு ஆட்டோவில் போனேன். தடுப்பு இன்னும் வளைந்தே இருக்கிறது. எதிரே ஒரு டீக்கடை. கடைக்கார அக்காதான் சோடா கொண்டு போய்த் திட்டு வாங்கியவர்.

"உப்புக்காரரு தாயி. எக்ஸெல்லுல கல் உப்பும் கோலமாவும் விப்பாரு. முன்ன கல் குவாரியில கெடந்தவரு. அங்க இதெல்லாம் சொல்லிக் குடுத்தாங்களாம்."

அன்றைக்கு வண்டியையும் மூட்டைகளையும் இவர் கடையில் போட்டுவிட்டு ஆம்புலன்சில் ஏறியிருக்கிறார். இரவு ஒன்பது மணிக்கு மேல் பஸ்ஸில் திரும்பி வந்து எடுத்துப் போனாராம். ஒரு நாள் வியாபாரம் போனது. அதைப் பற்றி ஏதும் சொன்னாரா என்றால், "டீ கேட்டாரு, குடுத்தேன், காசு வாங்கல" என்றார் அக்கா.

"நம்பர் இருக்கு, வேணுமா?"

வாய் வரை வந்துவிட்டது. அப்புறம் அந்தப் பதிவேடு நினைவுக்கு வந்தது. போலீஸ் கேட்டும் சொல்லாத பெயரை நான் பின்வழியாக வந்து எடுத்துக்கொள்வதா? வேண்டாம் என்றேன். அடுத்த வாரம் ஒரு பை கொண்டு வந்து தருகிறேன், அவரிடம் சேர்த்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லி என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

14 ஜூலை, ஞாயிறு

பெரிய கடைவீதியில் இரண்டு துண்டுகள் வாங்கினேன். காவி ஈரிழை ஒன்று, வெள்ளைத் தேங்காய்ப்பூ ஒன்று. பணமும் வைக்கலாமா என்று அம்மா கேட்டாள். என்ன தொகை வைப்பது? தம்பிக்கு விலை போட்டுப் பார்த்தது மாதிரி ஆகிவிடும். நாலு வரி எழுதி, தம்பியை வலது கையால் கையெழுத்துப் போடச் சொல்லி உள்ளே வைத்தேன். கடையில் கொடுத்தாயிற்று.

21 ஜூலை, ஞாயிறு

டீக்கடை அக்கா போன் செய்தார்.

உப்புக்காரர் வந்தாராம். கடிதத்தை வேறு ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். கை வேலை செய்கிறதா என்று விசாரித்தாராம். இரண்டு விரல் இன்னும் மரத்திருக்கிறது, பந்து அமுக்கப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். சொல்லிவிடுகிறேன் என்றார்.

"துண்டு புடிச்சிருந்துச்சாக்கா?"

"காவித் துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டாரு தாயி. வெள்ளத் துண்ட வச்சிட்டுப் போயிட்டாரு. அது என்னுது இல்ல, மதுரையிலேருந்து வந்த பஸ்ஸு நின்னுச்சு, அதுல ஜன்னலோரம் இருந்தவரு தூக்கிப் போட்டதுங்கிறாரு. இத நான் என்ன பண்ணட்டும்?"

எந்த பஸ் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

"இருக்கட்டும்கா" என்றேன். கடையில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாராம்.